நூற்றிருபது கிராம்

கோழி நெஞ்சுக்கறி நூற்றிருபது கிராம்.
தராசு நூற்றிருபத்து மூன்று காட்டினால்
அந்த மூன்றைக் கிள்ளி
என் வாயில் போடுவாள் வெலோஷ்னி.
உப்பு கிடையாது. மஞ்சள் கூடக் கிடையாது.
பதினான்கு வாரம்,
அவள் கிள்ளிப் போட்டதில் நான் பருத்தேன்.

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு.
எங்கள் குளிர்ப்பெட்டிக்குள் முப்பத்தாறு டப்பாக்கள்,
ஒவ்வொன்றின் மூடியிலும் கிழமை, மணி.
மருந்துக்கடையின் சரக்கறையில்
பத்துப் பத்துக்கு நின்றபடியே சாப்பிடுவாள்.
இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில்
ஐந்து பிராக்கோலித் தண்டு.

பிரெகாசன் கல்யாணத்தில்
எல்லோருக்கும் காகிதத் தட்டில் பிரியாணி,
பருப்பு, தயிர்ப் பச்சடி.
இவள் பட்டுச்சேலை மடியில் டப்பாவைத் திறந்தாள்.
கோகிலம் அத்தை என் காதருகே வந்து கேட்டாள்:
“என்னடா, பொண்ணுக்கு ஏதும் சீக்கா?”

இரண்டு மாதமாகத் தூரம் வரவில்லை.
அம்மாவுக்கு யார் சொன்னார்களோ,
மாங்காய் அச்சாறு ஒரு பாட்டில் நிறையப் போட்டுக்கொண்டு
சிரித்த முகமாய் வந்து நின்றாள்.
நாங்கள் இருவரும்
பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரவு மூன்று மணிக்குப் போன் வெளிச்சம்.
எந்த நாட்டிலோ எவனோ
கேக்கின் மேல் கிரீம் பூசுகிறான்.
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறாள்,
நான் தூங்குகிறேன் என்று நினைத்து.

ஒரு நாள் குளியலறைக் குப்பைக்கூடையில்
டிஷ்யூவில் சுற்றிய சமோசா.
மென்றது. விழுங்காதது.
எண்ணினேன், நாலு இருக்கும்.
இன்னும் ஆழத்தில் அமுக்கி வைத்துவிட்டு
கை கழுவினேன்.

நானும் யோக்கியன் இல்லை.
பேவியூ கடையோரம் காரை நிறுத்தி
கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு
ஆட்டுக்கறி தின்றுவிட்டு வருவேன், சோப்புப் போட்டு இருமுறை கழுவி.
கதவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொள்வாள்.
முதல் நாள் ஆசையென்று நினைத்தேன்.
விரல்களை ஒவ்வொன்றாக மோந்தாள்.
“ஏலக்காய் அதிகம்,” என்றாள்,
“கிழங்கு குழைஞ்சுபோச்சு, இல்ல?”

கடைசி இரண்டு நாள் தண்ணீரும் அளவில்.
உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு
பேச்சையும் மிச்சம் பிடித்தாள்.

போட்டியன்று
ஓர் ஓட்டல் அறையில் துணி விரித்து
இரண்டு பெண்கள் அவளுக்குப் பழுப்புச் சாயம் அடித்தார்கள்,
மூன்று பூச்சு.
கறுத்துப்போவாய் என்று
கடற்கரையிலும் குடை பிடித்து வளர்த்த அவள் அம்மா
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து
மேடையைப் பார்த்து என்னைக் கேட்டாள்:
“இதுல நம்ம பிள்ளை எது?”

வெண்கலம்.
நடுவர் ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னார்,
பின்தொடை இன்னும் கொஞ்சம் வற்ற வேண்டுமாம்.
வற்ற.
கூரையில் காயும் மிளகாயிடம் சொல்வதுபோல.

திரும்பும் வழியில்
ரொட்டியின் வயிற்றைக் குடைந்து
குழம்பு ஊற்றித் தருகிற எங்கள் ஊர் பனி சௌ, இரண்டு.
காருக்குள்ளேயே பிரித்தாள்.
வெள்ளை ரொட்டியில் பழுப்பு ரேகைகள்,
பத்து விரலும் பதிந்திருந்தன.
சாயத்தோடு தின்றாள்.
தன்னுடையதை முடித்துவிட்டு
என் மடியிலிருந்ததைப் பார்த்தாள். கொடுத்தேன்.
உம்கேனி சாலை முழுக்க
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
வெண்கலம் பின் இருக்கையில்
வளைவுக்கு வளைவு உருண்டது.

படுத்த பிறகு குளிர்ப்பெட்டியின் கதவு.
நடைபாதையில் வெளிச்சம் நீண்டு, சுருங்கியது.
மறுபடி.
மூன்றாவது முறை நானும் எழுந்து போனேன்,
என்ன சொல்வதென்று தெரியாமலேயே.

தரையில் சம்மணமிட்டிருந்தாள்.
முழங்கையில் சாயம் திட்டுத்திட்டாய் உரிந்திருந்தது.
அம்மாவின் பாட்டில் பாதிக்கு மேல் காலி.
அதைத் தராசின் மேல் வைத்திருந்தாள்.
ஐந்நூற்றுப் பதினொன்று.

“பாட்டிலோட எடையக் கழிக்கணும்,” என்றாள்
வாய் நிறைய மாங்காயோடு.